முதுகுக்குப் பின்னால் ஓர் எஞ்சின்

ஷெட்டில் நானே கட்டிய காரின் பின்பக்க சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைத்து மேலும் கீழும் அசையவிடும் அமைப்பை, மூன்றாவது தடவையாக வெல்டு வைத்தபோது என் மகளுக்கு வயது 14. முதல் தடவை அதை வெல்டு வைத்தபோது அவளுக்கு 8. நடுவில் எத்தனையோ நடந்தது. எஞ்சின் ஏறியது, இறங்கியது. பாடிக்குச் செதுக்கிய மாதிரி ஒன்று பாழானது. இரண்டு வருடம் மேலே போட்ட தார்ப்பாயைக்கூட விலக்காமல் வண்டி அப்படியே கிடந்தது. ஆனாலும் "வீட்டில் ஒரு கார் கட்ட இத்தனை வருஷமா?" என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அந்த ஓர் இடத்தைத்தான். பின்சக்கரத்துக்கு உள்பக்கம், முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், இரு முனையிலும் எல்லாப் பக்கமும் திரும்பும் பால் ஜாயிண்ட் வைத்த ஒரு சாதாரணக் கம்பி. அதன் கதையைச் சொன்னாலே 11 வருடக் கதையில் பாதி சொன்ன மாதிரி.

முதலில் இது என்ன கார் என்று சொல்லிவிடுகிறேன்: மிட்-எஞ்சின் கார். மிட்-எஞ்சின் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் எஞ்சின் உட்காரும். பெரும்பாலும் அது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால்தான். அதுவே பின் அச்சையும் தாண்டி வால்பக்கம் போய்விட்டால் ரியர்-எஞ்சின். பழைய பீட்டிலும் போர்ஷே 911-உம் அந்த வகை. கனமான ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். அதே பையைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். திரும்ப எடுக்கும் பலமும், திரும்பியபின் நிற்க எடுக்கும் பலமும் எவ்வளவு வேறு என்று உடம்பே சொல்லிவிடும். சுழற்சிக்கு எடை காட்டும் எதிர்ப்பு, நடுவிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் எதிர்ப்பு கால் பங்குதான். காரிலேயே கனமான பொருள் எஞ்சினும் கியர்பாக்ஸும். அவற்றை நடுவில் கொண்டுவந்தால் வண்டி நினைத்த மாத்திரத்தில் திரும்பும். இதற்கு மறுபக்கமும் உண்டு. இப்படிப்பட்ட வண்டி பிடி விட்டால் அதே வேகத்தில் சுழலவும் செய்யும். அதனால்தான் பின்சக்கரம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பது இந்த வகை காரில் உயிர்ப் பிரச்சினை. அந்தக் கம்பி அங்கேதான் வருகிறது. அதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

எனக்கு இந்த ஆசையை மூட்டியவர்கள் சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்ற அப்பாவும் பிள்ளையும். 1946-இல், போர் முடிந்த கையோடு, இங்கிலாந்தில் தங்கள் கராஜில் 500 சிசி பந்தயக் கார் ஒன்றைக் கட்டினார்கள். ஃபியட் டோபோலினோ என்ற சின்னக் காரின் முன்பாகங்கள் இரண்டை எடுத்து, முதுகோடு முதுகு சேர்த்து ஒட்டினார்கள். முன்னாலும் டோபோலினோவின் முன்பாகம், பின்னாலும் டோபோலினோவின் முன்பாகம்! எஞ்சின் மோட்டார் சைக்கிளுடையது. செயின் போட்டுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், அதற்கு எஞ்சின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வசதி. அந்த வசதிக்காகத்தான் எஞ்சின் ஓட்டுபவருக்குப் பின்னால் போனது. இவர்களுக்கு முன்பே, 1930-களில், ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் எஞ்சின் பின்னால் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வழி அப்படியே நிலைத்துவிடவில்லை. நிலைக்க வைத்தது கூப்பர். 1958-இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் ஸ்டிர்லிங் மாஸ், 2 லிட்டருக்கும் சற்றுக் குறைவான எஞ்சின் வைத்த கூப்பரில் ஜெயித்தார். பின்னால் வந்தவை முன்பக்கம் பெரிய எஞ்சின் வைத்த ஃபெராரிகள். 1959, 1960 இரண்டு வருடமும் ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன். ஓரிரு வருடத்தில் மற்ற எல்லோரும் எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

இரண்டு முன்பாகங்களை முதுகோடு முதுகு ஒட்டிய அந்த யோசனைதான், என்னைப் போல வீட்டில் கட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் வழி. முன்சக்கர இழுவை உள்ள சாதாரணக் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், சக்கரம் மாட்டும் ஹப், பிரேக் எல்லாம் சப்ஃபிரேம் என்ற ஒரே துணைச் சட்டகத்தில் உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே கழற்றிப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் மிட்-எஞ்சின் காரின் பின்பாதி தயார். பெரிய கம்பெனிகளும் இதைத்தான் செய்தன. 1972-இல் வந்த ஃபியட் எக்ஸ் 1/9 காரில் இருந்தது முன்சக்கர இழுவை ஃபியட் 128-இன் எஞ்சினும் கியர்பாக்ஸும்தான். 1984-இல் வந்த டொயோட்டா எம்ஆர்2-உம் இதே வழியில் பிறந்தது. 1966-இல் ஜெனீவா கண்காட்சியில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்த லம்போர்கினி மியூரா வேறு உயரம். 12 சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காகப் படுக்க வைத்து, கியர்பாக்ஸையும் அதே வார்ப்பில் சேர்த்திருந்தார்கள். அதை ரசிக்கலாம், வீட்டில் வார்க்க முடியாது.

கியர்பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சிலர் பீட்டில் மாதிரி ரியர்-எஞ்சின் காரின் கியர்பாக்ஸை வாங்கி, எஞ்சின் முன்பக்கம் வருமாறு திருப்பி வைக்க நினைப்பார்கள். அப்படியே திருப்பி வைத்தால் சக்கரம் சுற்றும் திசையும் மாறிவிடும். முன்னால் போக ஒரு கியர், ரிவர்ஸுக்கு நாலு கியர் என்று ஆகிவிடும். உள்ளே இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்ட பிறகுதான் திருப்ப வேண்டும். சப்ஃபிரேமோடு எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. கியர் மாற்ற கம்பிக்குப் பதில் கேபிள் உள்ள காராகப் பார்த்து வாங்கிவிட்டால், நீளமான கேபிள் போட்டால் முடிந்தது வேலை.

2012-இல் நான் பாகத்துக்காக ஒரு பழைய காரை வாங்கிப் பிரித்தேன். சட்டகம் கட்டத் தொடங்கியது அடுத்த வருடம். சதுரக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்துக் கட்டுவது. குழாயை அறுப்பது சுலபம், வெல்டு வைப்பதும் பழகிவிடும். வெல்டு ஆறும்போது இழுக்கும் இழுப்பைச் சமாளிப்பதுதான் வித்தை. ஒரு பக்கமாகவே வெல்டு போட்டுக்கொண்டு போனால் காலையில் வந்து பார்க்கும்போது சட்டகம் அந்தப் பக்கம் வளைந்திருக்கும். அதனால் எல்லா மூட்டிலும் முதலில் புள்ளி புள்ளியாக டேக் வைத்துவிட்டு, மூலைக்கு மூலை அளந்து, இரண்டு அளவும் ஒன்றா என்று பார்த்து, அப்புறம் இங்கே ஒரு விரல் நீளம், எதிர்மூலையில் ஒரு விரல் நீளம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். முடித்தபோது என் மூலைவிட்டங்களுக்குள் ஒரு நூல் வித்தியாசம் இருந்தது. அது இன்னும் இருக்கிறது. அது எந்தப் பக்கம் என்றும் எனக்குத் தெரியும், பின்னால் எதை அளந்தாலும் அதைக் கழித்துக்கொள்கிறேன்.

சரி, கம்பிக்கு வருவோம்.

முன்சக்கர சப்ஃபிரேமைப் பின்னால் வைத்தால், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போய் அதைத் திருப்பும் டை ராட் என்ற கம்பிக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அதை வெறுமனே கழற்றிவிடவும் முடியாது, சக்கரம் இஷ்டத்துக்கு ஆடும். எனவே அதன் உள்முனையைச் சட்டகத்தில் ஏதாவது ஒரு புள்ளியில் பிடித்துக் கட்ட வேண்டும். எந்தப் புள்ளியில்? 2014-இல் எனக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. கைக்கு எட்டிய, வலுவான ஓர் இடத்தில் தகடு வைத்து வெல்டு அடித்தேன். பார்க்க அருமையாக இருந்தது.

சக்கரம் மேலே கீழே போகும்போது, அதைக் கீழே சட்டகத்தோடு இணைக்கும் கீழ்க்கை ஒரு வட்ட வில்லில் போகும். இந்தக் கம்பியும் ஒரு வட்ட வில்லில் போகும். இரண்டு வில்லும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் மேடேறும்போதெல்லாம் தானாகவே திரும்பும். முன்சக்கரமாக இருந்தால் ஸ்டீயரிங் கையில் அது தெரியும், பிடித்துக்கொள்ளலாம். பின்சக்கரத்தில் அதைப் பிடிக்க நமக்குக் கை இல்லை. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின்மேல்தான் எடை சாயும். அந்த நேரம் பார்த்து அது வெளிப்பக்கம் திரும்பினால், அதாவது டோ-அவுட் ஆனால், வால் வெளியே வீசும். எடை நடுவில் குவிந்த வண்டியில் அந்த வீச்சு எவ்வளவு வேகமாக வரும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

பான்டியாக் ஃபியரோ என்று ஓர் அமெரிக்கக் கார். 1984 முதல் 1987 வரை வந்தவற்றில், முன்சக்கர இழுவைக் காரின் முன் சஸ்பென்ஷனையே பின்னால் வைத்து டை ராடைச் சப்ஃபிரேமில் கட்டியிருந்தார்கள். 1988-இல்தான் அதற்கென்றே வடிவமைத்த புதிய பின் சஸ்பென்ஷன் வந்தது. அந்த வருடத்தோடு காரின் உற்பத்தியும் நின்றுபோனது. இதைப் படித்த அன்று இரவே டார்ச்சோடு ஷெட்டுக்குப் போய் என் வண்டிக்கு அடியில் படுத்தேன்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதன் நடுவில் ஷாக் அப்சார்பரோடு நிற்கும் தண்டான ஸ்ட்ரட்டை மட்டும் திரும்ப மாட்டினேன். ஹப்பில் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு மட்டமான தகடு. தகட்டின் முன் ஓரத்தில் ஒரு டயல் கேஜ், பின் ஓரத்தில் ஒன்று. ஜாக்கியால் ஹப்பைப் பத்துப் பத்து மில்லிமீட்டராக ஏற்றி இரண்டு முள்ளையும் படித்து நோட்டில் எழுதினேன். 10 மி.மீ. ஏற்றத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். 50 மி.மீ. ஏற்றத்தில் 6 மி.மீ. டோ-அவுட். மகள் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள், நான் வாய்விட்டு எண்ணைச் சொல்ல அவள் எழுதினாள். கடைசி எண்ணைச் சொன்னதும் நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து, "தப்பா எழுதிட்டேனாப்பா?" என்றாள். "இல்லம்மா, சரியாத்தான் எழுதியிருக்க" என்றேன். எழுதியது சரி, கட்டியதுதான் தவறு.

இரண்டாவது தடவை உயரத்தைத் திருத்தினேன். ஆனால் சரியான நீளத்தில் கம்பியை வைக்க விடாமல் சைலன்சர் குழாய் குறுக்கே நின்றது. குழாயை மாற்ற மனம் வரவில்லை, அது நான் முந்தைய வருடம்தான் வளைத்து வெல்டு வைத்த குழாய். அதனால் கம்பியை 36 செ.மீ.-க்குப் பதில் 24 செ.மீ. ஆக்கிவிட்டேன். மறுபடி அளந்தபோது புதுவிதமான தவறு. கட்டத்தாளில் புள்ளிகளை இணைத்தால் முதல் தடவை சாய்ந்த நேர்கோடு வந்தது, இந்தத் தடவை வில்லாக வளைந்தது. சக்கரம் மேலே போனாலும் ஒரே பக்கம் திரும்பியது, கீழே போனாலும் அதே பக்கம் திரும்பியது. அப்போதுதான் அந்தக் கோடு பேசும் மொழி எனக்குப் புரிந்தது. நேராகச் சாய்ந்தால் கம்பி இருக்கும் உயரம் தவறு, வளைந்தால் நீளம் தவறு. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தாலும் எனக்குப் பதிந்திருக்குமா தெரியாது. இரண்டு தவறையும் என் கையாலேயே கட்டியதால் இப்போது எந்த வண்டியின் அடியில் படுத்தாலும் என் கண் முதலில் போவது அங்கேதான்.

2020-இல் சைலன்சர் குழாயை வெட்டி வேறு வழியாகக் கொண்டுபோனேன். பழைய தகடுகளைக் கிரைண்டரால் அறுத்து, வடுவைத் தேய்த்து, புதிதாக அளந்தேன். ஸ்ட்ரட் வைத்த சஸ்பென்ஷனில் கணக்கு இப்படி: ஸ்ட்ரட்டின் மேல்முனையிலிருந்து அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு, கீழ்க்கையின் இரு முனைகளை இணைத்து நீட்டினால் ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் புள்ளியை நோக்கி இந்தக் கம்பியும் குறிபார்க்க வேண்டும். என் வண்டியில் அந்தப் புள்ளி எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் தாண்டி வெளியே விழுந்தது. ஷெட்டின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு அதைக் கண்டுபிடித்தேன். இந்தத் தடவை 50 மி.மீ. ஏற்றியும் 50 மி.மீ. இறக்கியும் பார்த்தால் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள். நின்ற நிலையில் ஒரு மில்லிமீட்டர் டோ-இன், அதாவது சக்கரத்தின் முன் ஓரம் சற்றே உள்பக்கம், வைத்து நட்டை இறுக்கினேன்.

மற்ற வேலைகள் பற்றியும் சொல்ல வேண்டும். பாடிக்கான மாதிரியைத் தெர்மோகோலில் செதுக்கினேன், எட்டு மாத வேலை. அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினைப் பூசிய சில நிமிடங்களில் முன் வளைவு குழிந்து உள்ளே போகத் தொடங்கியது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். எபாக்ஸி ரெசின் கரைக்காது, பாலியூரித்தேன் நுரையும் கரையாது. அடுத்த மாதிரியைப் பாலியூரித்தேனில் செதுக்கினேன். அதுவே முதலில் செதுக்கியதைவிட நன்றாக வந்தது, கைக்கு வளைவு பழகியிருந்தது. ஃபைபர் கிளாஸ் வேலையில் இன்னொன்று. ரெசினில் ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம்தான் சேர்ப்பார்கள். வெயில் நாளில் ஒரு வாளி நிறைய மொத்தமாகக் கலக்கக் கூடாது. கெட்டியாகும்போது அது சூடாகும், வாளியில் ஆழமாக இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்தே விடும். சின்னச் சின்னக் கிண்ணமாகக் கலந்து பூசுங்கள். முகமூடி இல்லாமல் வேண்டாம்.

பிரேக்கில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முன்சக்கர சப்ஃபிரேமோடு அதன் பெரிய டிஸ்க்கும், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரும் சேர்ந்தே பின்னால் வந்துவிடும். எடை பின்னால் அதிகமாக இருந்தாலும், பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால்தான் சாயும். பின் பிரேக் பலமாக இருந்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுழன்றுவிடும். நான் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு வைத்து, நடுவில் பங்கு பிரிக்கும் பேலன்ஸ் பார் போட்டேன். முன் காலிப்பரில் பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். அதற்குத் தனியாக கேபிள் காலிப்பர் தேவைப்பட்டது.

பிரேக்கிலிருந்து காற்றை எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகள் உள்ளே மிதியில், நான் பின்சக்கரத்தடியில் ஸ்பேனரோடு. "மிதிக்கட்டுமாப்பா?" "மிதிம்மா. அப்படியே பிடி, விடாதே." காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தால் ஊசித் துவாரத்திலிருந்து சீறிய மாதிரி குமிழ், அப்புறம் எண்ணெய். மூடிய பிறகு, "இப்ப விடு." நான் மூடும் முன்னால் அவள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட அவள் முன்னாலேயே விடவில்லை.

கூலிங்கும் இப்படித்தான், எல்லாம் காற்றின் விளையாட்டு. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் கேபினுக்கு அடியில் போகவர இரண்டு நீளக் குழாய். குழாய் எங்காவது ஒட்டக முதுகு மாதிரி எழுந்து இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். ரேடியேட்டரின் உச்சியிலிருந்து எஞ்சின் பக்கம் உயரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான ஹெட்டர் டாங்குக்கு பென்சில் பருமனில் ஒரு குழாய் இழுத்த பிறகுதான் காற்று தானாக வெளியேறத் தொடங்கியது. வயரிங் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. பழைய காரிலிருந்து கழற்றும்போதே ஒவ்வொரு பிளக்கிலும் சீட்டு ஒட்டுங்கள். எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்டியோடு சாவியையும் மீட்டரையும் சேர்த்தே எடுங்கள், இல்லாவிட்டால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் எஞ்சினை ஓட விடாது.

நீண்ட காலம் எடுக்கும் வேலையில், வாங்கி வைத்த பொருளுக்கும் வயதாகிறது. 2014-இல் ஆசையாக வாங்கிய டயர் நாலும் ஓர் அடிகூட உருளாமல் மூலையில் நின்றன. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 2314. 2014-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். வண்டி ஓடத் தயாரானது 2023-இல். பட்டன் கழியாத புது டயரை, வயதின் காரணமாகவே மாற்ற வேண்டியிருந்தது. ரப்பர் ஹோஸும் ஆயில் சீலும் அப்படியே. இன்று ஒருவர் இதைத் தொடங்குவதாக இருந்தால், ரப்பர் சாமான் எதையும் கடைசி வருடம் வரை வாங்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். வீட்டில் கட்டிய வண்டியைப் பதிவு செய்ய உங்கள் ஊரில் என்ன விதி என்பதையும், முதல் குழாயை அறுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தார்ப்பாய் விலகாத அந்த இரண்டு வருடம், பாடி மாதிரி கரைந்த பிறகு வந்தது. வேலைப்பளு என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் ஷெட்டுக்குள் போகவே கால் வரவில்லை. திரும்பப் போக வைத்தது பெரிய உறுதி எதுவும் இல்லை. ஒருநாள் ஏணி எடுக்கப் போனவன், தார்ப்பாயின் ஓரம் தூக்கியிருந்ததைப் பார்த்து, முன் ஹப்பைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பேரிங் சத்தமில்லாமல் சுற்றியது. அன்று அரை மணி நேரம் துரு தேய்த்தேன். மறுநாளும் போனேன்.

2023-இல், ஆளில்லாத ஒரு காலி மைதானத்தில், எஞ்சின் முதுகுக்குப் பின்னால் உறும முதல் தடவையாக ஓட்டினேன். சத்தம் காதுக்கு வரும் முன்பே முதுகெலும்புக்கு வந்துவிடுகிறது. எடை 860 கிலோ. முன்னால் 43 பங்கு, பின்னால் 57. ஸ்டீயரிங்கை ஓர் அங்குலம் அசைத்தால் மூக்கு அங்கே இருந்தது. நாலாவது சுற்றில், இடது பக்கம் வளையும்போது, வலது பின்சக்கரம் மண்ணில் புதைந்திருந்த ஒரு கல்மேட்டில் ஏறி இறங்கியது. என் உடம்பு முழுக்க இறுகியது. வண்டி ஒருமுறை குலுங்கியது, அவ்வளவுதான். வால் இம்மியும் நகரவில்லை. போன கோட்டிலேயே போனது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மகள் நோட்டோடு ஓடி வந்தாள். "என்னாச்சுப்பா?" என்றாள். மேட்டைக் காட்டினேன். அவளே குனிந்து பின்சக்கரத்துக்கு அடியில் பார்த்துவிட்டு, "வலது பக்க ஹோஸ் கிளாம்ப்பில் தண்ணி சொட்டுது" என்று சொல்லி, நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள்.